புது டயர் போட்டதும் பெற்றோல் கூடக் குடிக்குதா?

என்னுடைய வேகன் ஆரின் டாஷ்போர்ட் பெட்டிக்குள் ஒரு எண்பது பக்கக் கொப்பி கிடக்கிறது. 2022 யூலையில், பெற்றோல் தட்டுப்பாட்டில் கியூஆர் குறியீட்டைக் காட்டி காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர் என்று வாங்கிய நாட்களில் எழுதத் தொடங்கியது. அந்த வருசத் தொடக்கத்தில் லீற்றர் 177 ரூபாவாக இருந்த ஒக்டேன் 92, யூன் முடிவில் 470-க்குப் போயிருந்தது. அடித்த லீற்றர், மீற்றரில் நின்ற கிலோமீற்றர், இரண்டையும் வகுத்தால் வருகிற எண். கொப்பியில் வேறொன்றும் இல்லை. பெற்றோல் வரிசை போன பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை.

போன வருசம் நான்கு டயரையும் மாற்றினேன். அதற்குப் பிறகு மூன்று தடவை டாங்கி நிரப்பியபோதும் கொப்பி ஒரே கதையைத்தான் சொன்னது. லீற்றருக்கு 19-க்குக் கிட்ட ஓடிய கார் 18-க்கு இறங்கியிருந்தது. கொப்பியைத் தூக்கிக்கொண்டு காத்தான்குடிப் பக்கம் டயர் மாற்றிய கடைக்கே போனேன். கடைக்காரரை நாங்கள் ‘நானா’, அதாவது அண்ணன், என்றுதான் கூப்பிடுவோம்.

“நானா, இந்த டயர் பெற்றோல் தின்னுது.”

அவர் கொப்பியைப் பார்க்கவில்லை. “தம்பி, கழட்டின பழைய டயர்ல பூ எவ்வளவு இருந்திச்சு?” என்று கேட்டார். பூ என்பது வீதியைப் பிடிக்கிற பக்கத்தில் டயரில் வெட்டியிருக்கிற கோலம். அது எங்கே இருந்தது, மொட்டைதான். “அப்ப சரி. புது டயர் எல்லாம் முதல்ல இப்பிடித்தான்” என்று சொல்லிவிட்டு அடுத்த வாகனத்துக்கு ஜாக்கி வைக்கப் போய்விட்டார்.

சமாளிக்கிறார் என்றுதான் அன்று நினைத்தேன். வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டுப் பார்த்தால் அவர் சொன்னது சரி.

வேகன் ஆருக்கு 155/65ஆர்14 அளவு. புதுசாக இருக்கும்போது அதன் விட்டம் ஏறக்குறைய 557 மில்லிமீற்றர். பூ ஏழு மில்லிமீற்றரிலிருந்து ஒன்றரைக்குத் தேய்ந்தால் விட்டத்தில் பதினொரு மில்லிமீற்றர் குறைகிறது. சிறிய சக்கரம் அதே தூரத்துக்குக் கூடுதலான சுற்றுச் சுற்றும். மீற்றர் எண்ணுவது சுற்றுகளைத்தான், வீதியை அல்ல. ஆகவே மொட்டை டயரில் மீற்றர் ஒன்று, ஒன்றரை, மிஞ்சினால் இரண்டு சதவீதம் கூட்டிக் காட்டும். புது டயர் போட்டதும் அந்தப் பொய் நின்றுவிடுகிறது. கார் குடிப்பது கூடவில்லை, கொப்பிதான் திருந்தியிருக்கிறது.

மிச்சம் உண்மையான இழப்பு. ஒரு டயர் உருளும்போது வீதியில் படுகிற இடம் நசுங்கி, அந்த இடத்தைக் கடந்ததும் பழைய வடிவத்துக்கு வருகிறது. நசுக்கக் கொடுத்த சக்தி முழுவதையும் ரப்பர் திருப்பித் தருவதில்லை. ஒரு பங்கைச் சூடாக்கி வைத்துக்கொள்கிறது. கல்முனை போய் வந்து இறங்கியதும் டயரில் கை வைத்துப் பாருங்கள். அந்தச் சூட்டில் பெரும்பங்கு நீங்கள் காசு கொடுத்து வாங்கிய பெற்றோல்தான். உருளல் எதிர்ப்பு என்று பெரிய பெயர் வைத்திருப்பது இதற்குத்தான். நசுங்கி நிமிர்கிற ரப்பரில் பெரும்பகுதி பூவில் இருப்பதால், பூ தேயத் தேய இந்த எதிர்ப்பும் குறைந்துகொண்டே போகும். ஆயுள் முடிகிற டயர் ஒன்றில் அது புதுசாக இருந்ததைவிட ஐந்தில் ஒரு பங்குவரை குறைந்திருக்கும். எல்லா டயரும் சாகப்போகிற நேரத்தில்தான் நன்றாக மிச்சம் பிடிக்கின்றன. அந்த நேரத்தில்தான் மழையில் வழுக்கவும் செய்கின்றன.

ஆகவே புது டயரைப் பழைய மொட்டையோடு ஒப்பிட்டுப் பார்ப்பதில் பயனில்லை. புதுசைப் புதுசோடுதான் ஒப்பிட வேண்டும்.

எங்கள் பக்கத்தில் இந்த விசயம் மற்ற இடங்களைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே எடுபடும். மட்டக்களப்பிலிருந்து அக்கரைப்பற்றுவரை கரையோரமாகப் போகிற வீதி மேடு பள்ளம் இல்லாத சமதரை. ஆரையம்பதி, களுவாஞ்சிகுடி, கல்லாறு, மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர் என்று ஊர் முடிய ஊர். ஊருக்குள் வேக எல்லை மணிக்கு 50 கிலோமீற்றர். மாடும் சைக்கிளும் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் நிற்கிற வீதியில் அந்த 50-ஐத் தொடுவதே பெரிய காரியம். கார் ஓடும்போது அதை முக்கியமாக இரண்டு பேர் பின்னுக்கு இழுக்கிறார்கள், ஒன்று டயர், மற்றது எதிர்க்காற்று. கச்சான் காற்று எதிர்த்து அடிக்கிற நாளில் கல்லடிப் பாலத்தில் சைக்கிள் மிதித்தவருக்குக் காற்றின் இழுவையைப் பற்றிப் பாடம் நடத்தத் தேவையில்லை. வேகம் இரண்டு மடங்கானால் அந்த இழுவை நான்கு மடங்காகும். டயரின் இழுவை அப்படி ஏறாது. வேகன் ஆர் போன்ற சின்னக் காருக்கு நான் போட்ட கணக்கில், 50-இல் இரண்டும் ஏறக்குறைய சமமாக இழுக்கின்றன. அதிவேகப் பாதையில் 100-இல் பறக்கிறவருக்கு டயரின் பங்கு சின்னது. ஊர் ஊராக மெல்ல ஓடுகிற எங்களுக்கு அது பெரிய பங்கு.

பெரியது என்றாலும் அளவு தெரிந்து பேச வேண்டும். உருளல் எதிர்ப்பைப் பத்து சதவீதம் குறைத்தால் எரிபொருள் ஒன்றிலிருந்து இரண்டு சதவீதம் மிச்சமாகும் என்பது 2006இல் அமெரிக்காவில் வந்த ஓர் ஆய்வறிக்கையின் கணக்கு. இன்றைக்கும் இந்த அளவைத்தான் கையாளுகிறார்கள். டயர் மாற்றி லீற்றருக்கு நாலு கிலோமீற்றர் கூட ஓடுது என்று யாரும் சொன்னால் அவர் வேறு ஏதோவொன்றையும் சேர்த்து மாற்றியிருக்கிறார், அல்லது மீற்றர் பார்க்கத் தெரியாதவர்.

இனி, காசு செலவழிக்காமல் கிடைக்கிற மிச்சம். சாரதிப் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் ஒரு சின்ன ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். ஜப்பானிலிருந்து வந்த கார் என்றால் எழுத்தெல்லாம் ஜப்பான் மொழி, ஆனால் டயர் அளவும் காற்று அளவும் இலக்கத்தில் இருக்கும். 240 என்று போட்டிருந்தால் அது கிலோபாஸ்கல். காற்று அடிக்கிற இடத்தில் பேசுவது பிஎஸ்ஐ. 6.9ஆல் வகுத்தால் 35-க்குக் கிட்ட வரும். இந்த வகுத்தலை நம்மில் முக்கால்வாசிப் பேர் செய்வதில்லை. “எவ்வளவு அடிக்க?” என்று பொடியன் கேட்பான், “நோமலா அடி” என்போம். அவனுடைய நோமல் 28 அல்லது 30, எல்லாக் காருக்கும் ஒன்று. மெத்தென்று ஓடும், பள்ளத்தில் குலுக்காது, நமக்கும் சந்தோசம்.

ஒரு பிஎஸ்ஐ குறைந்தால் எரிபொருளில் 0.2 சதவீதம் போகும் என்பது அமெரிக்க எரிசக்தித் திணைக்களத்தின் கணக்கு. ஆறு குறைந்தால் 1.2 சதவீதம். மேலே சொன்ன பத்து சதவீத உருளல் எதிர்ப்போடு இதை வைத்துப் பாருங்கள். உயர்ந்த ரக டயருக்கு ஆயிரக்கணக்கில் கூட்டிக் கொடுத்து வாங்கிய மிச்சத்தை, காற்றுக் குறைத்து ஓட்டி வீதியிலேயே கொட்டிவிடலாம். அதோடு காற்றுக் குறைந்த டயர் இரண்டு ஓரத்திலும் வேகமாகத் தேய்ந்து ஆயுளையும் சுருக்கும்.

காற்றை அளக்க வேண்டியது விடியற்காலையில், டயர் குளிராக இருக்கும்போது. பத்து மைல் வெயிலில் ஓடிவந்து அளந்தால் இரண்டு மூன்று பிஎஸ்ஐ கூடத்தான் காட்டும். கூடிப்போச்சு என்று இறக்கிவிட்டால் அடுத்த நாள் காலையில் குறைந்துபோய் நிற்கும். கடற்கரை மணலில் புதையாமல் இருக்கக் காற்றை இறக்கிவிட்டு, திரும்பி வரும்போது ஏற்ற மறந்து மாதக்கணக்கில் ஓடுகிறவர்களும் இருக்கிறார்கள். நானும் அப்படி ஓடியிருக்கிறேன். அப்புறம், மிச்சம் வரட்டும் என்று 45 அடிக்கிற வேலையும் வேண்டாம். படுவான்கரைப் பக்கம் கிரவல் வீதியில் ஓடுகிற காருக்குப் பிடி குறைந்து, நடுப்பூ மட்டும் தேயும். நைதரசன் அடித்தால் பெற்றோல் மிச்சம் என்ற கதைக்கும் காசு கொடுக்காதீர்கள். சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைதரசன்தான்.

சரி, டயர் வாங்கத்தான் வேண்டும் என்றாகிவிட்டது. கடையில் எதைப் பார்ப்பது?

பக்கச்சுவரில் ‘ஈகோ’ என்று அச்சிட்டிருப்பது ஒரு பெயர், தரச்சான்று அல்ல. அதை யாரும் அச்சிடலாம். டிரெட்வேர் 400, ட்ராக்ஷன் ஏ, டெம்பரேச்சர் ஏ என்று இன்னொரு வரி இருக்கும். அது அமெரிக்கத் தரப்படுத்தல். தேய்மானம், ஈரவீதிப் பிடி, சூடு தாங்குதல் ஆகியவற்றைச் சொல்லும், எரிபொருளைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லாது. எரிபொருளுக்கான தரம் இரண்டு இடத்தில் கிடைக்கும். ஜப்பானில் 2010 முதல் டயர் தயாரிப்பாளர் சங்கம் உருளல் எதிர்ப்பை ஏஏஏ, ஏஏ, ஏ, பி, சி என்றும் ஈரப்பிடியைச் சின்ன எழுத்து ஏ முதல் டி வரையும் தரம் பிரிக்கிறது. ஐரோப்பாவில் 2012 நவம்பரில் டயர் முத்திரை வந்தது, 2021 மே மாதம் திருத்தி ஏ முதல் ஈ வரை ஐந்து தரமாக்கினார்கள். கார் டயர் ஒன்று ஏ தரம் வாங்க, ஒரு தொன் பாரத்துக்கு இழுவை 6.5 கிலோவைத் தாண்டக்கூடாது. பி 7.7 வரை, சி 9 வரை, டி 10.5 வரை, அதற்கு மேல் ஈ. ஜப்பானின் ஏஏஏ என்பதும் இதே 6.5தான்.

இங்கே கடையில் தொங்குகிற டயரில் இந்த முத்திரை பெரும்பாலும் ஒட்டியிருக்காது. ஆனால் கையில் போன் இருக்கிறது. ஐரோப்பாவில் விற்கிற டயர்களின் தரம் எல்லாம் ‘எப்ரெல்’ என்ற பொதுத் தரவுத்தளத்தில் இருக்கிறது, யாரும் இலவசமாகப் பார்க்கலாம். டயரின் பெயர், மாதிரி, அளவு மூன்றும் பொருந்த வேண்டும். ஒரே மாதிரி டயர்கூட 14 அங்குலத்தில் ஒரு தரமும் 16-இல் இன்னொரு தரமும் வாங்கியிருக்கும். பிரிஜ்ஸ்டோனின் ஈகோபியா, டன்லொப்பின் எனாசேவ், யோகோஹாமாவின் புளூஏர்த் எல்லாம் ஒரு குடும்பப் பெயர்கள். குடும்பத்துக்குள் பிள்ளைகள் பல. ஜப்பானில் ஏஏ வாங்கிய பிள்ளையும் தாய்லாந்திலோ இந்தோனேசியாவிலோ செய்து இங்கே வருகிற பிள்ளையும் ஒன்றாக இருக்க வேண்டும் என்றில்லை. பெயரை மட்டும் கேட்டு வாங்காமல் பெயருக்குப் பின்னால் வருகிற எழுத்தையும் இலக்கத்தையும் போனில் படம் எடுத்துக்கொண்டு வந்து வீட்டில் இருந்து தேடுங்கள்.

தேடும்போது எரிபொருள் எழுத்துக்குப் பக்கத்தில் நிற்கிற ஈரப்பிடி எழுத்தையும் பார்க்காமல் விடவேண்டாம். முந்தி டயர்காரருக்கு ஒரு பெரிய தலையிடி இருந்தது. சக்தியை விழுங்காத ரப்பர் வீதியையும் பிடிக்காது. ஒன்றைக் கூட்டினால் மற்றது குறையும், இரண்டையும் பிடித்தால் தேய்மானம் கூடும். 1992இல் மிச்சலின் நிறுவனம் கரித்தூளில் ஒரு பங்குக்குப் பதிலாகச் சிலிக்கா கலந்த டயரை விற்பனைக்கு விட்டபோதுதான் இந்த முடிச்சுக் கொஞ்சம் தளர்ந்தது. உருளும்போது குறைவாகச் சூடாகி, பிரேக் போடும்போது வீதியைப் பிடிக்கிற கலவை அது. ஆனால் நல்ல சிலிக்காக் கலவைக்குச் செலவு கூட. மலிவு டயர் ஒன்று எரிபொருளில் நல்ல எழுத்து வாங்கியிருந்தால், அந்த மிச்சத்தை எங்கே பிடித்தார்கள் என்று ஈரப்பிடிப் பக்கம் ஒருதரம் எட்டிப் பார்க்க வேண்டும்.

80 கிலோமீற்றர் வேகத்தில் ஈர வீதியில் பிரேக் போட்டால் ஒரு தரத்துக்கும் அடுத்த தரத்துக்கும் இடையில் மூன்றிலிருந்து ஆறு மீற்றர் வித்தியாசம். அதிசிறந்ததுக்கும் கடைசிக்கும் இடையில் 18 மீற்றர்வரை போகும், நான்கு கார் நீளம். மார்கழி மாரியில் வீதி எது, வயல் எது என்று தெரியாமல் தண்ணீர் நிற்கும். பெட்டி கழன்ற உழவு இயந்திரம் வயல் சேற்றோடு ஏறி வந்து தார் வீதியில் கோடு இழுத்துவிட்டுப் போகும். எரிபொருளில் பி, ஈரப்பிடியில் பி என்ற டயரை எரிபொருளில் ஏ, ஈரப்பிடியில் டி என்ற டயருக்கு மேலாகவே நான் வைப்பேன்.

காசுக் கணக்குக்கு வருவோம். வருசம் 12,000 கிலோமீற்றர், லீற்றருக்கு 18 என்றால் 667 லீற்றர். ஐரோப்பிய முத்திரையில் சி தரத்திலிருந்து ஏ தரத்துக்குப் போனால் இழுவை பெரும்பாலும் இருபது சதவீதத்துக்கு மேல் குறையும், எரிபொருளில் மூன்று சதவீதம் என்று பிடிக்கலாம். அது வருசத்துக்கு 20 லீற்றர். லீற்றர் 300 ரூபா என்று வைத்துக்கொண்டால் 6,000 ரூபா. டயர் 40,000 கிலோமீற்றர் ஓடினால் மொத்தம் 20,000, நான்காகப் பிரித்தால் டயருக்கு 5,000. ஆகவே ஏ தர டயருக்கும் சி தர டயருக்கும் விலை வித்தியாசம் 5,000-க்குள் இருந்தால் வாங்குங்கள். பத்தாயிரம் என்றால் அந்தக் காசை வங்கியில் போடலாம். உங்கள் காரின் ஓட்டமும் அன்றைய பெற்றோல் விலையும் வேறாக இருந்தால் இந்த எண்களை மாற்றிப் போட்டுப் பாருங்கள். கொழும்புக்கு ஹயர் ஓடுகிற வேனுக்கு ஒரு வழியே 300 கிலோமீற்றருக்கு மேல், அவர்களுக்கு இந்தக் காசு ஒரு வருசத்தில் திரும்பி வந்துவிடும். கோயிலுக்கும் கல்யாண வீட்டுக்கும் மட்டும் கார் எடுக்கிற ஓய்வுபெற்ற வாத்தியாருக்கு அது ஒருநாளும் வராது. பூ தேய முந்தி ரப்பர் வெடித்துவிடும்.

இதைவிடப் பெரிய கணக்கு ஒன்று இருக்கிறது, அதை யாரும் போடுவதில்லை. ஒரு பேச்சுக்கு, 15,000 ரூபா டயர் 25,000 கிலோமீற்றர் ஓடினால் கிலோமீற்றருக்கு 60 சதம். 20,000 ரூபா டயர் 40,000 ஓடினால் 50 சதம். பெற்றோல் மிச்சத்தைத் தொடாமலே கூடிய விலை டயர் மலிவாகிவிட்டது. சீன டயரா, களனியில் செய்கிற சியெட்டா, ஜப்பான் பெயரா என்று சண்டை பிடிக்க முந்தி, அதே டயரை அதே காரில் ஓட்டிய இரண்டு பேரிடம் எத்தனை கிலோமீற்றர் ஓடியது என்று கேளுங்கள். ஓட்டோ ஸ்டாண்டில் கேட்டால் இந்த எண்ணைச் சதம் பிசகாமல் சொல்வார்கள், அவர்களுக்கு அது சோறு.

அளவை மாற்றுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. வேகன் ஆருக்கு 165 போட்டு அலோய் வீல் பூட்டினால் வடிவாகத்தான் இருக்கும். அகலமும் பாரமும் கூடுவதால் குடிப்பும் கூடும். ஸ்டிக்கரில் உள்ள அளவே போதும். அளவுக்குப் பின்னால் வருகிற 75 என்ற இலக்கம் ஒரு டயர் 387 கிலோ சுமக்கும் என்பதற்கு. அதற்குக் குறைந்தது மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். நாலு பேர் காரில் ஏழு பேரும் அரிசிச் சாக்கும் ஏறுகிற ஊர் இது.

பாவித்த ஜப்பான் டயரைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் இந்தக் கட்டுரைக்கு அர்த்தம் இல்லை, ஏனென்றால் கை இறுக்கமான நேரத்தில் நாம் எல்லோரும் போகிற இடம் அதுதான். கறுப்புப் பொலிஷ் பூசி, பூவெல்லாம் நிமிர்ந்து, பார்க்கப் புதுசு போலவே இருக்கும். பக்கச்சுவரில் முட்டை வடிவக் கட்டத்துக்குள் நான்கு இலக்கம் தேடுங்கள். 2318 என்றால் 2018ஆம் ஆண்டின் 23ஆவது கிழமை. ஒரு பக்கத்தில் இல்லாவிட்டால் மறுபக்கத்தில் இருக்கும், அந்தப் பக்கத்தைச் சுவரோடு சாத்தி வைத்திருப்பார்கள். வயது போன ரப்பர் இறுகிவிடும், மழையில் பிடி இருக்காது. நகத்தால் அழுத்தினால் பதியாது, பூவின் அடியில் மெல்லிய வெடிப்பு ஓடும். இன்னொன்று, ஜப்பானில் பனிக்காலத்துக்கென்று தனி டயர் உண்டு. பக்கச்சுவரில் ஆங்கிலத்தில் ‘ஸ்டட்லெஸ்’ என்று இருக்கும், பூக் கட்டைகளில் கத்தியால் கீறியது போல நெருக்கமாகக் கோடுகள் இருக்கும். பனிக்கட்டியைப் பிடிப்பதற்காக மென்மையாகச் செய்த ரப்பர் அது. அம்பாறை வெயிலில் அழிறப்பர் போலத் தேயும், பெற்றோலும் குடிக்கும். பூ ஆழமாக இருக்கிறதே என்று பார்த்து நம் ஆட்கள் தேடி எடுப்பதும் அதைத்தான்.

நான்கும் ஒரே தடவையில் வாங்கக் காசு இல்லை என்றால் பழசு நான்கை வாங்குவதைவிட நல்லது இரண்டை வாங்கலாம், வெள்ளாமை வெட்டிக் கையில் காசு வந்த பிறகு மற்ற இரண்டு. அந்த இரண்டையும் எங்கே போடுவது என்பதில் ஒவ்வொரு கடையிலும் ஒரு வாக்குவாதம் நடக்கும். முன்னுக்குத்தான் என்ஜின், முன்னுக்குத்தான் தேய்மானம், ஆகவே புதுசு முன்னுக்கு என்பது நம்முடைய நியாயம். டயர் தயாரிப்பாளர்கள் சொல்வது பின்னுக்கு. முன் டயர் வழுக்கினால் கார் வளையாமல் நேரே போகும், வேகத்தைக் குறைத்தால் திரும்பப் பிடிபடும். பின் டயர் வழுக்கினால் கார் பம்பரமாகச் சுற்றும், சாதாரண ஆள் அதைப் பிடிக்க முடியாது.

கொப்பியோடு போன அன்றைக்கு எனக்கு முன்னால் நின்றவரும் இதே வாக்குவாதத்தில்தான் இருந்தார், பெரியகல்லாற்றுக்காரர். நானா பதில் பேசாமல் புது டயர் இரண்டையும் பின்பக்கம் உருட்டிக்கொண்டு போனார். கழற்றிய டயரை அவர் காலால் திருப்பிக் காட்டியபோது உள்ஓரம் மட்டும் கம்பி தெரியத் தேய்ந்திருந்தது. “முதல்ல வீல் எலைன்மென்ட் பாருங்க, அண்ணன். இல்லாட்டி இதுவும் ஆறு மாசம்தான்.”